காமாலைக்கு வரப்பு கிடையாது

பாலவனத்தம் பக்கம் கண் மஞ்சளித்தால் கை முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி, அம்மியில் மைய அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது. சில வாரங்களில் மஞ்சள் இறங்கும்; பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். கெட்ட தண்ணீரால் வருகிற வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கக்கூடியது என்றால் யார் கேட்கிறார்கள்!

இறங்கிவிட்டு மறுபடி ஏறுகிற காமாலையில்தான் சிக்கல். சிலருக்கு வைரஸும் இருக்காது, சாராயப் பழக்கமும் இருக்காது. காட்டுக்குக் காவல் வைத்த ஆளே கதிரை அறுக்கிற மாதிரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலில் கைவைத்திருக்கும்.

கல்லீரல் செல்கள் சுரக்கும் பித்தநீரை இழை போன்ற நாளங்கள் வாங்கி, பெரிய நாளத்தில் சேர்த்து, குடலுக்கு விடுகின்றன. செல் தாக்கப்பட்டால் அது ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். சின்ன நாளங்கள் என்றால் பி.பி.சி.; நடுவயதுப் பெண்களிடம் அதிகம். மஞ்சள் தெரியுமுன்பே ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கலாம். பெரிய நாளங்களில் வந்தால் பி.எஸ்.சி. எம்.ஆர்.ஐ. படத்தில் நாளம் ஓரிடத்தில் சுருங்கி, அடுத்த இடத்தில் உப்பி, பாசிமணி கோத்தது போலத் தெரியும்.

புத்தகத்தில் மூன்றுக்கும் நடுவே வரப்பு உண்டு, உடம்பில் கிடையாது. பெரியவர்கள் சிலருக்கு முதல் இரண்டும் கலந்து வரும். பிள்ளைகளிடம் கலந்து வந்தால், முதலாவதும் மூன்றாவதும் சேர்வதே வழக்கம். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 16 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. ஆட்டோஇம்யூன் அடையாளங்களோடு வந்த 55 பிள்ளைகளுக்கும் நாளப் படம் எடுத்தார்கள். 27 பேருக்கு நாளமும் கெட்டிருந்தது. ரத்தச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் அவர்களில் பலர் வெறும் ஹெபடைடிஸ் கணக்கில்தான் போயிருப்பார்கள்.

மருந்தும் கலந்துதான். காவல்காரனை அடக்க பிரெட்னிசலோன், அசதியோபிரின்; பித்தம் ஓட உர்சோ. செல்லின் அழற்சி மாத்திரைக்கு அடங்கும். நாளத்தின் தழும்பு லேசில் அடங்காது. பிள்ளையின் முகம் உப்புகிறதே என்று ஸ்டீராய்டை வீட்டாரே நிறுத்திவிடுவதும் உண்டு. நோய் சத்தமில்லாமல் திரும்பும்.

வேலியில் படர்கிற சீந்தில் கொடிக்கும் இதில் ஒரு பங்கு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று நாடெங்கும் அதைக் குடித்தார்கள். மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள்: சீந்தில் குடித்தபின் கல்லீரல் கெட்டு வந்தவர்கள், பரிசோதித்தால் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸின் சாயல். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யோசித்தால், காவல்காரனுக்குக் கூடுதலாக ஓர் அரிவாள் கொடுத்த கதைதான்.