பூ வேன் பயண வேன் ஆனது எப்படி?

பழைய சரக்கு வேனைப் படுத்துறங்கிப் பயணம் செய்யத்தக்க வண்டியாக மாற்றுவது பற்றிய நூல்களும் காணொளிகளும் இன்று ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை குளிர்நாட்டார் செய்தவை. சுவருக்குப் பஞ்சு, தரைக்குக் கனமான பலகை, உள்ளே அடுப்பு, சூடேற்றி என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். அவற்றை அப்படியே பின்பற்றி நம் மலேசிய வெயிலிலும் மழையிலும் ஒரு வேனைக் கட்டினால், கட்டியவர் வெளியே கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பார். வேன் உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கும். அங்குள்ள வேனுக்குப் பகை குளிர். நம் வேனுக்குப் பகை மூன்று: துரு, புழுக்கம், பாரம். இம்மூன்றையும் சமாளிக்கும் வழிகளை, ஒரு வேனில் செய்து பார்த்த அளவில், மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க முற்படுகிறேன்.

வேன் என் தாய்மாமாவுடையது. நிசான் வேனட், 1994ஆம் ஆண்டுப் பதிவு. நம் நாட்டிலேயே பொருத்தப்பட்டு, மளிகைக் கடை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லார்க்கும் உழைத்த அந்த வேனை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. மாமா கிள்ளானில் பூக்கடை வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறிச் செவ்வந்திப் பூக்களை ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் கடைக்குத் திரும்பிவிடுவார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலைச்சாலையில் அவர் கண்டதெல்லாம் முன்விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தை மட்டும்தான். லாத்தா இஸ்கண்டார் அருவியின் ஓசை அவருக்குத் தெரியும், அருவியைத் தெரியாது. கடையை மூடியபின் வேன் வீட்டோரமாக நின்றது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போன மறுநாள் அத்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “இத இரும்புக்குப் போடறதுக்கு முன்னால, எங்க ரெண்டு பேரையும் பகல்ல ஒரு தடவ மேல போக விடுப்பா” என்றார். பொறியியல் படித்தவன் என்பதைத் தவிர இவ்வேலைக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆகவே ஒட்டுவேலையையும் பிரேக் வேலையையும் அனுபவமுள்ள போர்மனிடம் விட்டேன். மற்றவை என் கைவேலை.

முதலில் இரும்பு

படுக்கையின் அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன் வேனுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பூ ஏற்றிய வேன் என்பதால் இதில் துருவுக்குத் தனி வரலாறு உண்டு. பூ வாடாதிருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு பயணத்திலும் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கி, வளைவுகளில் ஒதுங்கி, காயாமல் அங்கேயே தங்கிவிடும். தரைவிரிப்பை உரித்தபோது பின்சக்கர வளைவுகளின் ஓரத்திலும், இழுப்புக் கதவு ஓடும் தடத்திற்குக் கீழும் தகடு வெற்றிலைச் சருகு போல் இருந்தது. சரக்கு எதுவாயினும் இவ்விரண்டு இடங்களையும், முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியையும், கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் காடியையும் முதலில் சோதிக்கவும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடத்தில் முனையால் குத்துங்கள். உள்ளே போனால் அந்தத் தகடு இனி உதவாது.

மேற்பரப்புத் துருவுக்கு வைத்தியம் எளிது. கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசினால், எஞ்சிய துரு கறுத்து இரும்புப் பாஸ்பேட்டாக மாறும். அதன்மேல் அடிப்பூச்சும் சாயமும் அடிக்கலாம். ஓட்டை விழுந்த இடத்தில் இந்த வைத்தியம் செல்லாது. கெட்ட பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்தகட்டை ஒட்ட வேண்டும். ஓட்டையின்மேல் பட்டி பூசித் தேய்த்துச் சாயமடித்துத் தருவோரும் உண்டு. பார்வைக்குப் புதுவேன் போலவே இருக்கும். பட்டிக்குப் பின்னால் ஈரம் சிறைப்பட்டு, ஓராண்டுக்குள் ஓட்டை இரு மடங்காகும். ஒட்டுவேலைக்கு முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டியும் குழாயும் எங்கே போகின்றன என்பதைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கதவின் அடியிலும் தரையின் ஓரத்திலும் உற்பத்தியாளரே விட்டிருக்கும் சிறு துளைகளைத் துருவின் ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி அவைதான்.

மலைச்சாலைக்கான ஏற்பாடு

வேனட்டின் இயந்திரம் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது; 1.5 லிட்டர், கார்புரேட்டர் வகை. தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் தானா ராத்தாவின் 1,400 மீட்டர் உயரத்தை அது எட்டியாக வேண்டும். ஏறுவதற்குப் புது ரேடியேட்டர் குழாய்களும், சுத்தம் செய்த நீர்த்தடங்களும், பொறுமையும் போதும். எனக்குக் கவலையாக இருந்தது இறக்கம்தான்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்தபின் அது 155 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் வெப்பம் எண்ணெய்க்கு ஏறி, அது கொதித்துக் குமிழ்விடும். எண்ணெயை அமுக்க முடியாது. அதனால்தான் மிதியின் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைகிறது. ஆவிக்குமிழை அமுக்க முடியும். அப்போது மிதி தரையைத் தொடும், வேன் நிற்காது. பல ஆண்டு நின்ற வேனில் எண்ணெயை முழுதும் மாற்றுவது இதனால்தான் கட்டாயம். எண்ணெய் புதிதானாலும் இறக்கத்தில் இரண்டாம் கியரில்தான் வரவேண்டும். மாமாவுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “ஏறின கியர்லயே எறங்கணும் மாப்பிள்ளே” என்பது அவர் பாடம்; காரணத்தை மட்டும் நான் சொன்னேன்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூப் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும், நிறுத்திவைத்த வேனின் டயர் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நான் ஐந்தையும் மாற்றிவிட்டேன்.

உள்ளே செய்தவை

எங்கள் வேன், முன்பாதியில் கண்ணாடிச் சன்னலும் பின்பாதியில் வெறுந்தகடுமாக அமைந்த வகை. இரு பக்கமும் நகரும் சன்னல்கள் இருந்ததால் கூரையை வெட்டவில்லை. வெட்டாத கூரை ஒழுகாது என்பது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். கூரையை வெட்டுவது, புதிதாகச் சன்னல் திறப்பது, இருக்கை கூட்டுவது போன்ற மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். கிராண்டில் சரக்கு வேன் என்றிருந்தால், ஓடும்போது பின்புறத்தில் ஆள் உட்காரவும் கூடாது. வேலையைத் தொடங்குமுன் துறையின் அலுவலகத்திற்கும் காப்புறுதி நிறுவனத்திற்கும் ஒரு நடை போய் வருவது நல்லது.

உறங்கும் இருவர் மூச்சாலும் வியர்வையாலும் ஓரிரவில் ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறார்கள். சமவெளியில் அது புழுக்கமாகிறது. இரவில் 15, 16 பாகைக்கு இறங்கும் கேமரன் மலையிலோ, குளிர்ந்த தகட்டில் படிந்து சொட்டுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி. இரு சன்னல்களுக்கும் மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து, ஒன்றில் 20 வாட் மின்விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தினேன். வெப்பத்தடுப்பைக் கூரைக்கு மட்டும் ஒட்டினேன். ஈரம் உறிஞ்சாத பாலித்தீன் நுரை அது; ஒரு பக்கம் வெள்ளித்தாள். அந்தப் பளபளப்புக்கு முன்னே விரற்கடை காற்றிடம் இருந்தால்தான் அது வெப்பத்தைத் தடுக்கும். பலகையோடு ஒட்டிவிட்டால் அழகுக்குத்தான் ஆகும். கண்ணாடிப் பஞ்சை நம் ஊரில் வேனுக்குள் வைப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும். பக்கச் சுவர்களை மூடவே இல்லை. பார்க்க முடியாத இடத்தில்தான் துரு வளர்கிறது.

வேனின் அகலம் குறுக்கே படுக்கப் போதாது, நீளவாக்கில்தான் படுக்கை. அதன் உயரத்தை நான் தீர்மானிக்கவில்லை, மாமாவின் பூக்கூடைகள் தீர்மானித்தன. கடையில் எஞ்சியிருந்த நெகிழிக் கூடைகள் எட்டு. அவை கட்டிலுக்கடியில் இழுப்பறைகளாக நுழையும்படி கால்களை அமைத்தேன். துணி ஒன்றில், பாத்திரம் ஒன்றில், அரிசியும் மிளகாய்த்தூளும் ஒன்றில் என்று அத்தை பங்கிட்டுக்கொண்டார். தனியாக அலமாரி செய்திருந்தால் பணமும் போயிருக்கும், பாரமும் ஏறியிருக்கும். எட்டடிக்கு நாலடி, 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ. இரண்டு பலகைகளுக்குள் முழு வேலையையும் முடிக்க வேண்டும் என்று எனக்கே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். கட்டிலைத் தரையில் இருந்த பழைய கொக்கிகளோடு பட்டைகளால் இறுக்கியிருக்கிறேன். விபத்தில் பறக்காது, பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

மின்சாரக் கணக்கு சிறியது. விசிறி 10 மணி நேரத்திற்கு 200 வாட்-மணி, விளக்கும் இரு கைப்பேசிகளும் 80. ஆக ஓர் இரவுக்கு 280. 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயன் பாஸ்பேட் மின்கலம் ஒன்று 640 வாட்-மணி தரும். இரண்டு இரவுக்குப் போதும். பகலில் வேன் ஓடும்போது அது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதற்குரிய மின்னேற்றியின் வழியே நிரம்பிக்கொள்ளும். மின்கலத்தின் முனைக்கு அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். கம்பி எங்கு உரசி அறுந்தாலும் தீ பிடிக்காமல் காப்பது அதுதான். சூரியத் தகடு வேண்டுமா என்று பலர் கேட்டனர். நிழலில் நிறுத்தினால் தகடு உறங்கும்; வெயிலில் நிறுத்தினால் நாம் உறங்க முடியாது.

அடுப்பு, வேனுக்கு வெளியே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரம், அதாவது படுத்திருப்பவரின் உயரத்தில் தேங்கும். 14 கிலோ வீட்டுத் தோம்பை ஏற்றிச் செல்வதை எந்நிலையிலும் ஏற்க மாட்டேன். சிறு குப்பி அடுப்பு ஒன்று, அதுவும் திறந்த வெளியில்.

இனிச் சொல்வதை மற்றெல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். 2020 செப்டம்பரில் பட்டர்வொர்த் அருகே, நிறுத்திய காருக்குள் உறங்கிய நான்கு இளம்பெண்களுள் மூவர் மாண்டனர். காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது பிணைகிறது. தலைவலியை உணரும் முன்பே உறங்குபவர் மயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில், ஓய்வுத்தளத்தில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு கண்ணயரும் பழக்கம் நம் மாணவர்களிடையே இன்றும் உண்டு. இயந்திரம் ஓடும் வண்டியில் உறங்காதீர்கள். எங்கள் வேனில் இயந்திரமே இருக்கைக்கடியில் இருப்பதால், புகைக்குழாயின் ஒவ்வோர் இணைப்பையும் புதிதாக்கி, தரையிலிருந்த பழைய துளைகளை ரப்பரால் அடைத்தோம். கட்டிலின் தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. விசிறி இருப்பதால் இயந்திரத்தை ஓடவிட்டு உறங்க வேண்டிய தேவையே எழவில்லை. ஒரு வகையில் அந்த 20 வாட் விசிறிக்காகத்தான் இந்த மின்சார ஏற்பாடு முழுவதும்.

மொத்தச் செலவு 9,000 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. அதில் பாதிக்கு மேல் இரும்புக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் போயிற்று. உள்வேலைக்கு ஆனது 2,000 கூட இல்லை. இந்த விகிதம் தலைகீழாக இருக்கும் வேனைக் கண்டால் நான் அதில் மலையேறத் தயங்குவேன்.

மாமாவும் அத்தையும் பிப்ரவரியில் தாப்பா வழியாகவே ஏறினார்கள். நான் பின்னால் காரில் போனேன். லாத்தா இஸ்கண்டாரில் மாமா நாற்பது நிமிடம் நின்றார். பிறகு ரிங்லெட் கடந்து, தாம் பூ வாங்கிய தோட்டங்களை ஒவ்வொன்றாக அத்தைக்குக் காட்டிக்கொண்டு போனார். தானா ராத்தாவில் அவர்கள் வேனில் உறங்க, நான் விடுதியில் தங்கினேன். காலையில் கூரையைத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை.

அடுத்து கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982இல் திறக்கப்பட்ட அச்சாலையில் யானைகள் கடப்பதால் பகலில் மட்டும் ஓட்டுவதென்று பேச்சு. அதற்குள் இடப்பக்கச் சன்னலின் ரப்பரை மாற்ற வேண்டும். சாய்ந்தடிக்கும் மழைக்கு அது கொஞ்சம் கசிகிறது.