மூன்றரை மணிக்குப் பிறகும் ஓடும் கணக்கு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. சனிக்கிழமை மாலை வெளியான மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகள் ஆளுங்கட்சிக்குப் பெருவெற்றி என்று சொல்லியிருந்தன. வெள்ளியன்று 22,530-இல் முடிந்திருந்த நிஃப்டி, காலை 9.15-க்குத் திறந்தபோதே 23,338-ஐத் தொட்டது. அன்று முடிந்ததோ 23,264-இல். உயர்வு முழுவதும் சந்தை மூடியிருந்த நேரத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. காலையில் அவசரமாக வாங்கியவருக்கு மிஞ்சியது சிறு நஷ்டம்தான். வெள்ளியன்றே நிஃப்டி ஃபியூச்சர்ஸில் ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவருக்கு, குறியீட்டுக் கணக்கில் சுமார் 18,300 ரூபாய் லாபம். அப்போது லாட் அளவு 25.

டே டிரேடிங்குக்கும் ஸ்விங் டிரேடிங்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். டே டிரேடர் காலையில் எடுத்த பொசிஷனை மாலை 3.30-க்குள் முடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஸ்விங் டிரேடர் சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை கையில் வைத்திருப்பார். சந்தை மூடியிருக்கும் நேரத்து லாபமும் நஷ்டமும் ஸ்விங் டிரேடருக்கு மட்டுமே உரியவை.

மறுநாள் தேர்தல் முடிவு. நிஃப்டி 1,379 புள்ளிகள் சரிந்து 21,884-இல் முடிந்தது; நடுவே 21,281 வரை இறங்கியது. முந்தைய நாள் வாங்கி வைத்திருந்தவருக்கு லாட்டுக்கு ஏறத்தாழ 34,500 ரூபாய் இழப்பு. ஆனால் இந்தமுறை சரிவின் பெரும்பகுதி சந்தை நேரத்திலேயே நடந்தது. எனவே விலை இறங்கும் என்று முதலில் விற்று ஷார்ட் போன டே டிரேடருக்கு அது வேட்டை. இழப்பைக் குறித்த விலையில் நிறுத்தும் ஸ்டாப் லாஸ் போடாமல், வாங்கி லாங் போனவருக்கோ பேரிடி. புதன்கிழமை சந்தை 22,620-க்கு மீண்டது. வெள்ளியன்று வாங்கி, இத்தனையையும் தாங்கி நின்றவர் கடைசியில் 90 புள்ளி லாபத்தில் இருந்தார்.

தாங்கி நிற்பதுதான் கடினம். ஃபியூச்சர்ஸில் லாப நஷ்டம் அன்றன்றே கணக்குத் தீர்க்கப்படும். செவ்வாய்க்கிழமை இழப்பைப் பணமாகக் கட்ட முடியாதவருக்குப் புதன்கிழமை மீட்சியால் பயனில்லை. போட்டு வைத்த ஸ்டாப் லாஸும் இரவு இடைவெளியில் காப்பாற்றாது. சந்தை எந்த விலையில் திறக்கிறதோ, அந்த விலையில்தான் வெளியேற முடியும். 2023 ஜூலையிலிருந்து குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நள்ளிரவு தாண்டியும் நடக்கும் கிஃப்ட் நிஃப்டி, காலையில் என்ன காத்திருக்கிறது என்பதை ஓரளவு காட்டிவிடுகிறது. பொசிஷன் வைத்திருப்பவர்கள் தூக்கத்துக்கு முன் ஒருமுறை அதைப் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் இரவைத் தவிர்ப்பதே நல்லதா? அதற்கும் விலை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனைக்கான பங்குப் பரிவர்த்தனை வரி 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமானது. அடுத்த மாதம் நிஃப்டி லாட் 25-லிருந்து 75 ஆனது. 2025 இறுதிவரை நீடித்த அந்த அளவின்படி, நிஃப்டி 24,000-இல் இருந்தபோது ஒரு லாட்டின் மதிப்பு 18 லட்சம் ரூபாய். ஒருமுறை விற்க வரி மட்டும் 360 ரூபாய் ஆனது. நாளுக்கு ஒன்றாக மாதம் 20 முறை வாங்கி விற்றவருக்கு 7,200 ரூபாய். மாதம் மூன்று பொசிஷன் எடுத்த ஸ்விங் டிரேடருக்கு 1,080. தரகுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி.

டே டிரேடருக்கு முன்பு ஒரு சலுகை இருந்தது. அன்றே முடித்துவிடுவார் என்பதால், வழக்கமான மார்ஜின் எனும் முன்பணத்தில் சிறு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு தரகர்கள் அனுமதித்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பரில் முழுமையடைந்த, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உச்ச மார்ஜின் விதி அதை மூடியது. இப்போது சில நிமிட வர்த்தகமானாலும் முழு மார்ஜின் வேண்டும். வருமான வரியிலும் வித்தியாசமில்லை: பங்குகளில் அன்றாட வர்த்தகம் ஊக வணிகமாகக் கருதப்பட்டாலும், ஃபியூச்சர்ஸ் வருமானம் இரு வகையினருக்கும் சாதாரண வணிக வருமானமே.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டையும் சேர்த்து செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர் வர்த்தகர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். செலவுகளையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரி இழப்பு சுமார் 2 லட்சம் ரூபாய்.