தெருவை எண்ணினால் தெரியும் சேதம்

1900 பிப்ரவரி 8 அதிகாலை மூன்று மணி வாக்கில் கோயம்புத்தூர் வட்டாரம் குலுங்கியது. அளவு ஏறத்தாழ 6. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தைக் குலுக்கியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 6.2. அதுவும் விடியுமுன். அங்கே பத்தாயிரம் பேர் வரை மாண்டார்கள். மண்சாந்தில் அடுக்கிய கல்சுவர்களும் அவற்றின்மேல் கிடந்த கனத்த மண்கூரைகளும் தூங்கியவர்கள்மேல் சரிந்தன.

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு சேதமாகும் என்பதை மட்டும் இன்றே கணக்கிடலாம். இந்த அறிவியலில் என்னை அசரவைப்பது இதுதான்.

திருப்பூரில், அவிநாசி சாலையிலிருந்து அனுப்பர்பாளையத்துக்குள் ஒரு பொறியாளர் படிவத்தோடு நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு பாத்திரப் பட்டறை: செங்கல் சுவர், ஓட்டுக்கூரை. குலுங்கினால் ஓடு சரியும். சுவர் மூலையில் பிளக்கும். பிறகு பொதுச்சுவரோடு வரிசையாக நிற்கும் காம்பவுண்டு வீடுகள். அடுத்தது தூண் எழுப்பிக் கட்டிய பனியன் கம்பெனி. கீழ்த்தளம் வண்டி நிறுத்தவும் சரக்கு ஏற்றவும் திறந்து கிடக்கிறது. மேலே பவர்டேபிள் தையல் வரிசைகள், அடுக்கிய துணி ரோல்கள், மொட்டை மாடியில் நிறைந்த தண்ணீர்த் தொட்டி. சுவர், கூரை, மாடி எண்ணிக்கை, கட்டிய ஆண்டு, பின்னால் ஏற்றிய மாடி உண்டா என்று குறித்துக்கொள்கிறார். கட்டடம் ஒன்றுக்குச் சில நிமிடம் போதும்.

ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் ஒரு வளைகோடு உண்டு. தரை இவ்வளவு ஆடினால் நூற்றில் எத்தனை விரிசலோடு தப்பும், எத்தனை குடியிருக்க முடியாதபடி சேதமாகும், எத்தனை அடியோடு சரியும் என்று அது சொல்லும். பழைய இடிபாடுகளை எண்ணியும், ஆட்டுமேடையில் மாதிரிகளைக் குலுக்கியும் வரைந்த கோடு அது. தனியொரு கட்டடத்தின் கதி அதில் தெரியாது. ஊர் மொத்தத்தின் கதி தெரியும்.

தரையின் ஆட்டத்துக்கும் எண் உண்டு. 2002-இன் இந்தியத் தர விதி பக்கத்திலிருக்கும் கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. அந்த மண்டலத்தின் எண் 0.16. அதாவது, 100 டன் எடையுள்ள விறைப்பான கட்டடத்தை 16 டன் விசை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். மேல்மாடிகளில் எடை கூடக்கூடக் கீழ்த்தூண் வாங்கும் தள்ளலும் கூடும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கீழ்த்தளம் வண்டி நிறுத்தத் திறந்து விடப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் 'ஹாஸஸ்' கணிப்பு முறை உயிர்ச்சேதத்தை மூன்று நேரங்களுக்குப் போடுகிறது: அதிகாலை 2 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 5 மணி. இரவில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பார்கள் என்பது அதன் எண்ணம். அதைத் திருப்பூருக்கு அப்படியே எடுக்கக் கூடாது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது நள்ளிரவிலும் மாடிகளில் ஆள் இருக்கும். ஷிப்ட் நேரத்தைக் கேட்டு எழுதாத கணக்கெடுப்பு இங்கே தப்புக் கணக்காகிவிடும். சுவர் நின்று கம்பெனி மட்டும் மூன்று மாதம் மூடிக் கிடந்தாலும் நட்டம் நட்டம்தான். வாரச் சம்பளம் வாங்குபவர் அதைத் தாங்க மாட்டார்.

கீழ்த்தளத்தைத் திறந்து விட்டால், அதன் தூண்கள் வழக்கமான கணக்கைப்போல் 2.5 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று அதே 2002 விதி சொன்னது. ஆகவே படிவத்தில் கட்டிய ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. பழைய கட்டடமாக இருந்தாலும் வழி இருக்கிறது: சில தூண்களுக்கிடையே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். வண்டி நிறுத்த இடம் கொஞ்சம் குறையும்.