நின்றபடி எடுக்கும் எக்ஸ்-ரே: தேய்ந்த கணுக்காலின் சாய்வை அளப்பது எதற்காக?

“காலை ஊன்றவே வலிக்கிறது, என்னை நிற்க வைத்து எக்ஸ்-ரே எடுப்பது ஏன்?” கணுக்கால் மூட்டுத் தேய்மானத்திற்காக எம்மிடம் வருவோர் பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியே. சில நிமிடங்கள் வலியைப் பொறுத்து நிற்பதால் கிடைக்கும் பயன் என்ன என்பதை இங்கு விளக்குகிறோம்.

கணுக்கால் சாய்வது ஏன்?

முழங்கால் மூட்டு பெரும்பாலும் வயது ஏற ஏறத் தேய்கிறது. கணுக்கால் அவ்வாறன்று. பல ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த எலும்பு முறிவோ, திரும்பத் திரும்ப ஏற்பட்ட சுளுக்கோதான் பெரும்பாலோரிடம் தேய்மானத்திற்குக் காரணமாகிறது. முறிந்த எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியிருக்கலாம். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம். அப்போது உடலின் எடை மூட்டின் முழுப் பரப்பிலும் பரவாமல் ஓர் ஓரத்திலேயே விழுகிறது. அவ்வோரத்துக் குருத்தெலும்பு முதலில் தேய்கிறது. தேயத் தேயச் சாய்வும் கூடுகிறது.

படுத்த நிலையில் மூட்டின் மீது எடை இல்லை. எனவே எலும்புகளுக்கிடையே போதிய இடைவெளி இருப்பது போலவே படம் காட்டக்கூடும். நின்றவுடன் அந்த இடைவெளி மறைவதையும் எலும்பு சாய்வதையும் காணலாம். சுமை ஏறும்போதுதான் கணுக்காலின் உண்மை நிலை வெளிப்படுகிறது.

எவற்றை அளக்கிறோம்?

முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று திசைகளிலிருந்து படம் எடுக்கிறோம். அவற்றின் மீது கோடுகள் வரைந்து, கோணங்களைப் பாகையில், அதாவது டிகிரியில், கணக்கிடுகிறோம்.

முன்புறப் படத்தில் இரண்டு அளவுகள் முக்கியமானவை. முதலாவது, கணைக்கால் எலும்பின் நடுக்கோட்டுக்கும் அதன் அடிப்பரப்புக்கும் இடையே உள்ள கோணம். இது இயல்பாக ஏறத்தாழ 90 பாகை இருக்கும். இது மாறியிருந்தால் கோணல் எலும்பிலேயே இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, அந்த அடிப்பரப்புக்கும் அதன் கீழ் அமைந்த டேலஸ் எலும்பின் மேற்பரப்புக்கும் இடையே உள்ள சாய்வு. இயல்பான கணுக்காலில் இவ்விரண்டும் ஏறக்குறைய இணைகோடுகளாக இருக்கும். இங்கே சாய்வு தென்பட்டால் கோணல் மூட்டுக்குள் இருக்கிறது.

பக்கவாட்டுப் படத்தில் முதற்சொன்ன கோணம் ஏறத்தாழ 80 பாகை இருக்கும். அது மிகவும் மாறினால் டேலஸ் முன்னோ பின்னோ நழுவக்கூடும்.

பின்புறப் படம் குதிகாலைக் காட்டுகிறது. கணுக்கால் ஒருபுறம் சாய்ந்தால், அதன் கீழுள்ள மூட்டு எதிர்ப்புறமாகத் திரும்பி அதனை ஈடுசெய்ய முயல்வதுண்டு. இதனைக் கவனியாமல் கணுக்காலை மட்டும் நேராக்கினால், குதிகால் கோணலாகவே நின்றுவிடலாம்.

இந்த அளவுகள் எதனைத் தீர்மானிக்கின்றன?

மூட்டின் ஒரு பகுதி மட்டும் தேய்ந்து மறுபகுதி நலமாக இருப்பின், கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பை வெட்டி நேராக்கி, எடையை நலமான பகுதிக்கு மாற்ற இயலும். ஜப்பானிய அறுவை மருத்துவர் தகாகுராவும் அவர்தம் குழுவினரும் இம்முறையின் பயனை 1995 ஆம் ஆண்டில் விளக்கினர். உரிய காலத்தில் செய்தால் நோயாளியின் சொந்த மூட்டையே காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

மூட்டு முழுதும் தேய்ந்திருந்தால், எலும்புகளை ஒன்றாக இணைத்தல் அல்லது செயற்கை மூட்டுப் பொருத்துதல் பற்றி ஆலோசிக்கிறோம். அப்போதும் அளவுகள் இன்றியமையாதவை. சாய்வைத் திருத்தாமல் செயற்கை மூட்டைப் பொருத்தினால் அதன் ஓர் ஓரமே சுமையைத் தாங்கி, விரைவில் தளரக்கூடும். கோணலாக இணைத்தாலோ பாதம் தரையில் சமமாகப் படியாது.

எனினும், கோணம் மட்டுமே முடிவைச் சொல்வதில்லை. பாதம் சற்றுத் திரும்பியிருந்தாலும் அளவு மாறிவிடும். சாய்வு மிகுந்தும் வலி குறைவாக இருப்போர் உண்டு. சாய்வு குறைந்தும் பெரிதும் துன்புறுவோர் உண்டு. ஆகவே தங்களின் நடையையும் வலியையும் அன்றாட வாழ்க்கையையும் சேர்த்தே ஆராய்கிறோம்.

தாங்கள் செய்யக்கூடியவை

• இயன்றவரை இரு கால்களிலும் எடையைச் சமமாகப் பகிர்ந்து நில்லுங்கள். நிற்க முடியாவிட்டால் முன்கூட்டியே கூறுங்கள். பிடித்துக்கொள்ள ஆதரவு தருவோம்.
• பழைய எக்ஸ்-ரே படங்களையும், முன்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்ற குறிப்புகளையும் கொண்டு வாருங்கள். சாய்வு கூடுகிறதா என்பதை அவையே காட்டும்.
• நாள்தோறும் அணியும் பழைய செருப்பையும் எடுத்து வாருங்கள். எந்த ஓரம் தேய்ந்துள்ளது என்பதும் எமக்கு ஒரு சான்றே.
• கணுக்கால் எக்ஸ்-ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஒருநாளில் இயற்கையிலிருந்து நாம் பெறுவதைவிடவும் குறைவு. ஆயினும் கருவுற்றிருந்தால் தவறாமல் தெரிவியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, தங்கள் படத்தில் வரைந்த கோடுகளைக் காட்டுமாறு கேளுங்கள். எந்தச் சிகிச்சை, ஏன் என்பதை அறிந்தபின் முடிவெடுப்பது தங்கள் உரிமை.