உணவை அஞ்சும் மனமும் ஆலோசகரின் பணியும்

உணவு கிடைக்காமையால் உண்ணாதிருத்தல் வேறு. கிடைத்தும் உண்ண அஞ்சியிருத்தல் வேறு. பின்னது வளரிளம் பருவத்தினரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, தோன்றுவது. ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். இதனைப் பிடிவாதம் என்றோ, விரதம் என்றோ கருதி விட்டுவிடுவோர் நம் நாட்டில் பலர். ஆனால் பல பிள்ளைகளிடத்து இதன் அடியில் ஓயாத மனக்கலக்கம் இருக்கிறது. சிலரிடம் விபத்து, பிரிவு, வன்கொடுமை ஆகியவற்றால் நேர்ந்த அதிர்ச்சியும் சேர்ந்திருக்கும். பிற யாவும் தன் கைவிட்டுப் போயின என்று உணரும் பிள்ளைக்குத் தட்டிலுள்ள சோற்றின் அளவொன்றே தன் ஆணைக்கு உட்பட்டதாகத் தோன்றக்கூடும்.

முதலில் மனக்காயத்தை ஆற்றிவிட்டால் உணவு தானே சீராகும் என்று எண்ணுவது இயல்பு. எனினும், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் பெரும்பாலும் உணவிலிருந்தே தொடங்குகிறார். இதன் காரணத்தை ஒரு பழைய சோதனை தெளிவாக விளக்குகிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு இச்சோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினியுற்ற மக்களை எவ்வாறு மீட்பது என்பதை அறிதலே அவர் நோக்கம். அவ்விளைஞர்கள் போர் புரிய மனச்சான்று இடந்தராதவர்கள், தாமே முன்வந்தவர்கள், உடல்நலமும் மனநலமும் உடையோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்ததில் அவர்தம் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. உள்ளத்தில் நேர்ந்த மாறுதலோ அதனினும் வியப்பானது. உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கலாயினர். ஒரு வேளை உணவை நெடுநேரம் நீட்டித்து உண்டனர். எரிச்சலும் சோர்வும் மிக, நண்பர்களை விட்டு விலகினர். உணவு மீண்டும் அளிக்கப்பட்ட பின்னரும் சிலர் எவ்வளவு உண்டும் நிறைவு காணவில்லை.

மனநோய் ஏதும் இல்லாதவர்க்கே பட்டினி இவ்வாறு செய்யுமாயின், முன்னரே அச்சமுற்ற பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கலக்கத்தால் உணவு குறைகிறது. உணவு குறைவதால் கலக்கம் மிகுகிறது. பட்டினியுற்ற மூளையுடன் பேசும் பேச்சு ஆழமாகச் செல்வதில்லை.

ஆகவே, குறித்த நேரங்களில் மூவேளை உணவும் இடையே சிற்றுண்டியும் என்னும் ஒழுங்கை ஆலோசகர் முதலில் ஏற்படுத்துகிறார். உண்டது, உண்ட நேரம், அப்போது எழுந்த எண்ணம் ஆகியவற்றைப் பிள்ளையே ஒரு குறிப்பேட்டில் எழுதி வரும். பின்னர் அஞ்சும் உணவுகளை, அச்சம் குறைந்ததிலிருந்து மிகுந்தது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக அணுகுவர். நெய் தடவிய சப்பாத்தியை அஞ்சுபவள் முதலில் அதில் கால் பங்கை உண்டு பார்க்கலாம். அஞ்சிய கேடு நேரவில்லை என்பதை அவளே காண்கிறாள். அதிர்ச்சியைப் பற்றிய பேச்சு உடல் ஓரளவு தேறிய பின்னர், பிள்ளை இசையும் வேகத்தில் நிகழும். நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென மிகுந்த உணவளித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது.

ஆசிரியரும் களப்பணியாளரும் ஆலோசகராக மாற வேண்டுவதில்லை. நடந்ததை முழுதும் சொல்லுமாறு பிள்ளையை வற்புறுத்துதல் தீங்கு விளைக்கலாம். சொல்வதைக் கேட்டலே போதும். வகுப்பினர் முன்னிலையில் எடை பார்த்து உரக்கக் கூறும் வழக்கத்தைக் கைவிடுதல் நன்று. இளைத்திருப்பதைப் பாராட்டுவதும் கேலிக்கு நிகரான கேடே. மற்றொன்றும் கருத்திற்கொள்ளத் தக்கது. எதையும் எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்தல் கூடாது. குழந்தைக்குப் பாலியல் வன்கொடுமை நேர்ந்ததாக அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தல் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயமாகும்.

மயக்கம், விரைந்த எடைக்குறைவு, உண்டபின் மறைவில் வாந்தி எடுத்தல், மாதவிடாய் நின்றுபோதல், உயிர் வாழ விரும்பாத பேச்சு ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புக. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டத்தின்கீழ் 10 முதல் 19 வயதினர்க்கெனச் சிறப்பு மருத்துவ நிலையங்களும் ஆலோசகர்களும் ஏற்படுத்தப்பட்டுள்ளன. அருகில் அத்தகைய நிலையம் இல்லாதவிடத்து, 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.