பாகுபலி வீட்டுக்கு வழி எது மாமா?

வீட்ல ஒரு பொறந்த நாள் வந்தா கேக் சொல்றது அக்கா, பாயசம் வைக்கிறது அம்மா. டிக்கெட் போடுறது, ரூட் பார்க்குறது, எத்தனை மணிக்குத் திறப்பாங்க, எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு கண்டுபிடிக்கிறது மட்டும் காலேஜ் படிக்கிற நம்ம தலையில! ‘நீதான் எந்நேரமும் போனை நோண்டிட்டு இருக்கியே, இதையும் பாரு’ன்னு ஒரே போடு. அதுலயும் இன்ஜினீயரிங்னா கேட்கவே வேணாம். ஃபேன் ரிப்பேர்ல இருந்து ஃபேமிலி டூர் வரைக்கும் நம்ம டிபார்ட்மென்ட்தான். உங்க வீட்லயும் இதே கதைதானே பாஸ்?

இந்தத் தடவை நமக்கு வந்த அசைன்மென்ட் கொஞ்சம் பெருசு. அக்கா பையனுக்கு ஏழாவது பொறந்த நாள். சைக்கிள் வேணாமாம், வீடியோ கேம் வேணாமாம். ‘சினிமா எடுக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ மாமா’ன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். ஊரு மோகனூர். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் சர்க்கரை ஆலை, பதினெட்டு கிலோமீட்டர்ல நாமக்கல். ஸ்டூடியோ? எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, ஹைதராபாத்துல!

ஆமா, ஸ்டூடியோ டூர்னதும் எல்லார் வாயிலயும் முதல்ல வர்றது ராமோஜி ஃபிலிம் சிட்டிதான். 1996-ல் ராமோஜி ராவ் ஆரம்பிச்சது. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல. உலகத்துலேயே பெரிய ஸ்டூடியோ வளாகம்னு கின்னஸ்ல பேர் இருக்கு. முன்னாடி பார்த்தா ஏர்போர்ட், அந்தப் பக்கம் போனா ஆஸ்பத்திரி, வெளியூர் ரயில் எதுவும் வராத ரயில்வே ஸ்டேஷன், கூடவே ‘பாகுபலி’க்குப் போட்ட மகிழ்மதி செட். பஸ்ல ஏத்திச் சுத்திக் காட்டுறாங்க.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது அங்க நடக்குற ‘மூவி மேஜிக்’ ஷோ. கூட்டத்துல இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு, ‘ஷோலே’ படத்து பசந்தி மாதிரி குதிரை வண்டியில உட்கார வைக்கிறாங்க. வண்டி ஒரு இன்ச் கூட நகராது. அதைப் படம் பிடிச்சு, ஓடுற பின்னணியைச் சேர்த்து, குளம்புச் சத்தத்தைத் தனியாப் போட்டு முடிச்சா, திரையில வண்டி பிச்சுக்கிட்டுப் பறக்குது! எடிட்டிங், சவுண்டு எல்லாம் என்னன்னு ஒரு செமஸ்டர் பாடத்தைக் கொஞ்ச நேரத்துல சொல்லி முடிச்சுடுறாங்க. (எங்க லேப்ல இப்படி நடத்துனா நான் ஏன் கடைசி பெஞ்ச்ல தூங்கப் போறேன்!) ஒண்ணே ஒண்ணு, ‘உன்னைத்தான் கூப்பிடுவாங்க’ன்னு குட்டிக்கு வாக்கு மட்டும் குடுத்துடாதீங்க. ஒருத்தரைத்தான் கூப்பிடுவாங்க. மீதி நூத்துக்கணக்கான பேர் கை தட்டணும்.

சரி, எக்ஸெல் ஷீட்டைத் திறந்தாச்சு. பையன், அக்கா, மச்சான், எங்க அம்மா, நான்னு அஞ்சு தலை. ராமோஜியில ஒரு ஆளுக்கு நுழைவுச் சீட்டே ஆயிரத்தைத் தாண்டுது. அஞ்சு பேருக்கு ஐயாயிரத்துக்கு மேல. ரயில், ரூம், சாப்பாடு, அங்க இருந்து இங்க ஆட்டோன்னு கூட்டிட்டே போனா, அம்மா சீட்டுல எடுத்துத் தர்றேன்னு சொன்ன பத்தாயிரம் பாதி தூரத்துலயே காலி. போறதுக்கும் வர்றதுக்குமே ரெண்டு மூணு நாள் போயிடும். போய்ச் சேர்ந்த பையன் காலையில பத்து மணிக்கு ஆடுவான், மத்தியானம் மூணு மணிக்கு என் தோள்ல தூங்குவான். ஆயிரத்து அறுநூறு ஏக்கரை அவனைத் தூக்கிட்டு நான்தான் சுத்தணும். ஏழு வயசுக்கு ராமோஜி ஓவர்டோஸ்ங்கிறது என் கருத்து. பத்து வயசுல போனா காலும் தாங்கும், விஷயமும் ஏறும்.

ஆனா இடத்தை முடிவு பண்ணது பணம் இல்ல. மச்சான். நாமக்கல் பக்கம் பாதி வீட்ல இருக்குற கதைதான்: லாரி. மாசத்துல மூணு நாள் வீட்ல இருந்தா அதிசயம். ஹைதராபாத் - விஜயவாடா ரோட்ல லோடு அடிக்கிறவர். ராமோஜி ஃபிலிம் சிட்டி அந்த ரோட்லதான் இருக்கு. பையன் கணக்குப்படி அவங்க அப்பா ட்யூட்டிக்குப் போறப்பல்லாம் பாகுபலி வீட்டைப் பார்த்துட்டுத்தான் போறார். ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கான். மச்சான் பார்த்தது பச்சை கலர் போர்டும் திரும்புற ரோடும் மட்டும்தான். லோடோட அங்க நின்னு யார் டிக்கெட் எடுக்கிறது?

போன்ல பிளானைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், ‘வருசம் பூரா அதே ரோட்லதான் கெடக்கறேன் மாப்ளே. வீட்ல இருக்கற மூணு நாளும் அதே ரோடா?’ன்னார். ஷீட்டை மூடிட்டேன். பையன் கேட்டது ஸ்டூடியோவா, அப்பாவோட ஸ்டூடியோவான்னு அக்காகிட்ட கேட்டேன். ‘இதென்னடா கேள்வி’ன்னுட்டா.

அதனால பக்கத்துல தேட ஆரம்பிச்சேன். பெங்களூர்கிட்ட பிடதியில ஜாலிவுட்னு ஒரு இடம் இருக்கு. நம்ம பக்கத்துல இருந்து பார்த்தா ஹைதராபாத்தை விட ரொம்பப் பக்கம். ஆனா 2025 அக்டோபர்ல கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொல்லி, உள்ள ஷூட்டிங் நடந்துட்டிருந்த கன்னட பிக் பாஸ் ஆளுங்களையே வெளிய அனுப்புனாங்க. சில நாள்ல திரும்ப ஷூட்டிங் நடந்துச்சு. இருந்தாலும் பொறந்த நாள் ட்ரெஸ்ஸைப் போட்டுட்டு மூடுன கேட்டு முன்னாடி நிக்கிற குழந்தை முகத்தை நினைச்சுப் பாருங்க. எந்த இடமா இருந்தாலும் கிளம்புற முந்தின நாள் ஒரு போன் அடிச்சுக் கேட்டுடுங்க மக்களே. சென்னை தரமணியில 1994-ல் ஆரம்பிச்ச ஃபிலிம் சிட்டியைப் பத்தி உங்க சித்தப்பா, அத்தை யாராவது கதை சொல்லுவாங்க, ஸ்கூல் டூர் போனோம்னு. அதை நம்பி இப்போ கிளம்பிடாதீங்க, அங்க நீங்க பார்க்கப் போறது திரைப்படப் பயிற்சி நிறுவனம்.

இந்த ஸ்டூடியோ டூர் ஐடியாவே யாரோடதுன்னு தோண்டுனப்போ ஒரு சுவாரஸ்யம் மாட்டுச்சு. அமெரிக்காவுல கார்ல் லேம்லி 1915-ல் யுனிவர்சல் சிட்டியைத் திறந்தார். அது அதுக்கு முன்னாடி கோழிப்பண்ணை இருந்த இடமாம்! 25 சென்ட் குடுத்தா உட்கார்ந்து ஷூட்டிங் பார்க்கலாம், கூடவே கோழிக்கறியோட மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். நாமக்கல்காரன் காதுல இது விழுந்தா சும்மா விடுவானா? மௌனப் படம்கிறதால வேடிக்கை பார்க்குற கூட்டம் கத்துனாலும் விசில் அடிச்சாலும் பிரச்னை இல்ல. பேசும் படம் வந்ததும், சத்தம் மைக்ல ஏறும்னு டூரையே நிறுத்திட்டாங்க. மறுபடி 1964-ல்தான் ஆரம்பிச்சாங்க.

கடைசியில சிக்குனது சென்னை வடபழனி. உருண்டை சுத்துற அதே ஏவி.எம். ஸ்டூடியோதான். அங்க 2023 மே மாசம் முதல்வர் ஸ்டாலின் ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியத்தைத் திறந்து வச்சார். பழைய கேமரா, படம் எடுக்குற கருவிங்க, அதுக்கும் மேல வரிசையா பழைய காலத்து கார், பைக். ‘பாயும் புலி’யில ரஜினி ஓட்டுன பைக்கும் அதுல ஒண்ணு. லாரிக்காரர் பையன் பாஸ் இவன்! ஹார்ன் சத்தத்தை வச்சே எந்த வண்டின்னு சொல்லுவான். அப்பாவும் பையனும் சேர்ந்து பேசிக்கிட்டே பார்க்க இதை விட வேற இடம் எனக்குத் தெரியல. ராட்டினம் கிடையாது, சண்டைக் காட்சி கிடையாது. ஆனா ஒரு வேளையில பார்த்து முடிச்சுடலாம், தோள்ல தூக்க வேண்டியதில்ல.

போற வழிக்கும் வேலை இல்லாம இல்ல. பாலக்காட்டுல இருந்து பழனி, கரூர், நாமக்கல் வழியா சென்னை சென்ட்ரலுக்கு ராத்திரி ரயில் ஓடுது. சென்ட்ரல்ல இறங்குனா மெட்ரோ, மாறாமலே வடபழனி. மோகனூர் பையனுக்கு மெட்ரோவே பாதி பொறந்த நாள்! டிக்கெட்ல ஒரு நுணுக்கம் இருக்கு. அஞ்சு வயசுல இருந்து பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்குத் தனி பெர்த் கேட்டா முழு கட்டணம், வேணாம்னா பாதி. நம்மாளு அக்காகூட ஒண்டிக்குவான். ஸோ, நாலு பெர்த், ஒரு அரை டிக்கெட்.

திரும்பி வர்றப்போ சேலத்துல இறங்குறோம். ஏற்காடு போற ரோட்ல ஒரு வளைவு தனியா நிக்கும், பஸ்ல போறப்போ ஜன்னல்ல பார்த்திருப்பீங்க. அதான் மாடர்ன் தியேட்டர்ஸ். உள்ள இருந்த ஸ்டூடியோ போயாச்சு, வாசல் மட்டும் மிச்சம். கட்டுனவர் டி.ஆர்.சுந்தரம், நம்ம திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்துல லீட்ஸ் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சுட்டு வந்து, 1935-ல் சேலத்துல சினிமா கம்பெனி ஆரம்பிச்சார். படிச்சது ஒண்ணு, பார்த்த வேலை ஒண்ணு. நமக்கெல்லாம் அப்பவே வழி காட்டியிருக்கார்! மலையாளத்துல முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938) இவர் எடுத்தது. கலைஞர் வசனத்துல எம்.ஜி.ஆர். நடிச்ச ‘மந்திரி குமாரி’ (1950) இங்கதான். தமிழ்ல முதல் முழுநீள கலர் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இங்கதான். சென்னைக்குப் போகாமலே இவ்வளவும்! இப்போ பத்து நிமிஷத்துல பார்த்துட்டு பஸ் ஏறிடலாம்கிறது வயித்தெரிச்சல்தான்.

ஆனா வெறும் வளைவை ஏழு வயசுப் பையன்கிட்ட காட்டுனா ‘இதுல என்ன இருக்கு மாமா’ம்பான். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் வீட்லயே முன்கூட்டி ஒரு ஷூட்டிங் போடுறோம். மாடர்ன் தியேட்டர்ஸ்ல 1940-ல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ல பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இதுக்கு வழக்கமான வழி என்ன தெரியுமா? லென்ஸுல பாதியை மறைச்சு ஒரு பக்கம் எடுக்கணும். ஃபிலிமைப் பின்னாடி சுத்தணும். எடுத்த பாதியை மறைச்சுட்டு, அதே ஆளை மறுபக்கம் நிக்க வச்சு, அதே ஃபிலிம்ல மறுபடி எடுக்கணும். கேமரா ஒரு நூல் அசைஞ்சாலும் நடுவுல கோடு விழுந்துடும். போன்ல இது ரொம்ப ஈஸி. போனை நாற்காலியில வச்சுக் கட்டிட்டு, பையன் கேக் வெட்டுறதை ஒரு தடவை, அவனே எதிர்ல உட்கார்ந்து கேக் தின்றதை ஒரு தடவை எடுத்து, எடிட்டிங் ஆப்ல பாதிப் பாதியா ஒட்டுனா, அவனே அவனுக்கு ஊட்டி விடுவான். அன்னைக்கே பாதி சந்தேகம் தீர்ந்துடும்.

ரெண்டாவது ஷாட்தான் மெயின். மச்சான் லோடு இறக்கிட்டு வந்தா லாரி ஒரு நாள் சும்மா நிக்கும். கேபின்ல அப்பாவும் மகனும். சாவி மச்சான் பாக்கெட்ல, கைக்கு ஹேண்ட்பிரேக், டயருக்குக் கல்லு. நானும் ஃப்ரெண்ட்ஸும் வேப்பங்கொப்பைத் தூக்கிட்டு ஜன்னல் ஓரமா முன்னால இருந்து பின்னால ஓடணும், திரும்பி வந்து மறுபடி ஓடணும். மரம் ஓடுற மாதிரி தெரிஞ்சா வண்டி ஓடுற மாதிரி இருக்கும். லாரியை ஆட்டணுமேன்னு ஒருத்தன் கேட்டான். எதுக்குடா ஆட்டணும், கேமராவை ஆட்டுனா போதாதா? (ரிலேட்டிவ் மோஷன், ஃபர்ஸ்ட் இயர் பாடம்.) கொட்டாங்குச்சியைத் தட்டுனா குதிரைச் சத்தம் ரெடி. லாரியில ஏன் குதிரைச் சத்தம்னு யாரும் கேட்கக் கூடாது, டைரக்டர் வயசு ஏழு.

மச்சான் இந்த வாரம் நாக்பூர் பக்கம். அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுவேன்னு சொல்லியிருக்கார், ஓனர்கிட்டயும் பேசிட்டார். லோடு கிடைக்கிறது, இறங்குறது எல்லாம் நம்ம கையில இல்ல. அதனால கேக்கை பொறந்த நாளன்னைக்கே வெட்டிடறோம், டிக்கெட்டை அடுத்த சனிக்கிழமைக்குப் போடுறோம். ‘பொறந்த நாள் அன்னைக்கேதான் போகணுமா சாமி’ன்னு அம்மா கேட்டதுக்கு, ‘அப்பா வர்ற அன்னைக்குப் போலாம் அம்மாயி’ன்னான்.

ரயில்வேயில முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடி திறக்குது, முன்ன மாதிரி 120 நாள் இல்ல. நாளைக்குக் காலையில 8 மணிக்கு நம்ம தேதி வருது. அலாரம் வச்சாச்சு. நாலு பெர்த், ஒரு அரை டிக்கெட், ஒண்ணாவது லோயரா இருக்கணும், அம்மாவுக்கு முட்டி வலி.