பழைய வேனுக்குக் கன்வர்ட்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

நமது வாலாஜாபாத் வட்டார மளிகை வியாபாரிகள் பலர் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்கும் கோயம்பேட்டுக்கும் போய் வருவது பழைய ஆம்னி, ஈகோ போன்ற பெட்ரோல் வண்டிகளில்தான். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் சமயத்திலோ, புகைச் சான்று எடுக்கும்போதோ, "கன்வர்ட்டர் போய்விட்டது" என்று மெக்கானிக் சொல்லிவிடுகிறார். கம்பெனி பார்ட்டின் விலை மலைக்க வைக்கிறது. வெளி மார்க்கெட்டில் அதைவிட மிகக் குறைவாகவும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதை வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் இடையே உள்ள உலோகக் கூடு. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் இது பெருமளவு தீங்கு குறைந்ததாக மாற்றுகிறது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நின்றது.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் அந்தப் பூச்சுதான். மிளகில் பப்பாளி விதையைக் கலந்தால் தூரத்துப் பார்வைக்குத் தெரியாது; அதுபோல, பூச்சு குறைந்த கன்வர்ட்டரும் நல்ல கன்வர்ட்டரும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. மலிவானது சில மாதம் வேலை செய்து, அடுத்த புகைச் சோதனையில் கைவிட்டுவிடும்.

முதலில் பழையது ஏன் கெட்டது என்று பாருங்கள். கன்வர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. இன்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். ஸ்பார்க் பிளக் சரியாக எரியாவிட்டால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும். வண்டி இழுக்காமல் திணறுவது, அடியில் கடகடவென்ற சத்தம், அழுகிய முட்டை வாசனை ஆகியவை அறிகுறிகள். மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் போய்விடும். பணம் இரண்டு முறை செலவாகும்.

அடுத்து, வண்டி எந்த பாரத் ஸ்டேஜ் நிலையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும். இதில்தான் நம் பகுதியில் குழப்பம் அதிகம். 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட சில நகரங்களுக்கு நான்காம் நிலை வந்தது. மற்ற ஊர்களுக்கு மூன்றாம் நிலைதான் வந்தது. நாடு முழுவதும் நான்காம் நிலை வந்தது 2017இல். எனவே 2011ஆம் ஆண்டு மாடல் வண்டியைச் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால் அது ஒரு நிலையாகவும், நம் ஊரில் வாங்கிய அதே மாடல் வேறு நிலையாகவும் இருக்கலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

நிற்கும் நிலையில் சோதிக்கும்போது இரண்டாம், மூன்றாம் நிலை பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம் வரையும், நான்காம் நிலைக்கு 0.3 சதவீதம் வரையும் அனுமதி உண்டு. மூன்றாம் நிலைக்கான சரக்கை நான்காம் நிலை வண்டிக்கு மாட்டினால் சான்று கிடைப்பது சந்தேகமே.

வாங்கும்போது கவனிக்க:

1. வண்டி மாடலும் நிலையும் குறிப்பிட்ட பில் வாங்குங்கள்.

2. கூடு துருப்பிடிக்காததற்கு மட்டுமின்றி, புகை சுத்திகரிப்புக்கும் எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். அமெரிக்காவில் 1986இல் வந்த விதிப்படி வெளி மார்க்கெட் கன்வர்ட்டருக்கு 25,000 மைல், அதாவது சுமார் 40,000 கி.மீ. வரை சுத்திகரிப்பு உத்தரவாதம் தர வேண்டும். நாம் கேட்பதில் தவறில்லை.

3. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியானால், அதற்கான துளை சரியான இடத்தில் உள்ளதா என்று பாருங்கள்.

4. புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றி விற்கும் பழைய சரக்கில் மீதி ஆயுள் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. தவிர்ப்பதே நலம்.

5. கழற்றிய பழையதை மெக்கானிக்கிடம் இலவசமாக விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு. ஈகோ வேன் சைலன்சர்களைத் திருடிய வழக்குகள் குஜராத், டெல்லி ஆகிய இடங்களில் பதிவானதும் இதற்காகத்தான்.

சிலர் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்துக் கொள்கிறார்கள். சோதனையில் தேறாது, மாசு விதியை மீறினால் 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதமும், சிறைத் தண்டனையும்கூட விதிக்கலாம். அதைவிட முக்கியம், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது கடை வாசலில் சரக்கு இறக்கும் நம் பையன்களும் நம்மிடம் வரும் வாடிக்கையாளர்களுமே.

எடை குறைந்த சரக்கை நாம் வாங்குவதில்லை; பூச்சு குறைந்த கன்வர்ட்டரையும் வாங்க வேண்டாம் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.